அவர்களுக்கு

"பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்மா." இதைச் சொன்னது நான்தான். இரண்டு வருஷம் ஆகிறது. எபிரெயம் படித்தவள், பழைய ஏற்பாட்டில் முதுகலை முடித்தவள், அதைச் சில காலம் கற்றுக்கொடுத்தவளும்கூட. என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்னும் விளங்கவில்லை.

ஞாயிறு பள்ளிப் புத்தகத்துக்கு நான் எழுதிய பாடம் அது. யாத்திராகமம் 15, இஸ்ரவேலர் எகிப்திலிருந்து தப்பிக் கடலைக் கடந்ததும் வருகிற பாட்டு. பக்கம் வடிவமைக்கிற பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் திருத்தங்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓவியர், மோசேயின் சகோதரி மிரியாமின் கையில் தந்தி வைத்த தம்புராவைக் கொடுத்திருந்தார். அவர்மேல் குற்றமில்லை. நம் வேதாகமத்தில் 'தம்புரு' என்றுதான் இருக்கிறது. வாசித்தால் கச்சேரியில் பின்னால் உட்கார்ந்து மீட்டுகிற தம்புராதான் கண்முன் நிற்கும். எபிரெயச் சொல் தோஃப். வட்டச் சட்டத்தில் தோலைக் கட்டிக் கையால் தட்டுகிற சிறு பறை. அதை ஏந்தி நிற்கிற பெண்களின் சுடுமண் பாவைகள் அந்த நிலப்பகுதியில் அகழ்வாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. தந்திகளை அழித்துப் பறையாக்கச் சொல்லிக் குறித்துக் கொடுத்தேன். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

அந்த உற்சாகத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். 'மிரியாம் அவர்களுக்குப் பிரதிவசனமாக' என்று 21ஆம் வசனம் தொடங்குகிறது. அந்த 'அவர்களுக்கு' எபிரெயத்தில் லாஹெம், ஆண்பால் பன்மை. பெண்களுக்கு மட்டும் என்றால் லாஹென் என்று வந்திருக்க வேண்டும். அடுத்து வருகிற 'பாடுங்கள்' என்பதும் ஷீரூ, அதுவும் ஆண்பால் பன்மை ஏவல்.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப ஆம்பளைங்களையும் சேர்த்துத்தானேக்கா பாடச் சொல்றா? நீங்க 'மோசே பாடினார், பெண்கள் பதில் பாடினார்கள்'னு போட்டிருக்கீங்களே?"

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவள் "சரிக்கா" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். வருத்தமோ கோபமோ அவள் குரலில் இல்லை.

எனக்கென்று ஒரு நியாயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதே புத்தகத்தில் யோசியா ராஜாவைப் பற்றிய பாடத்தில் உல்தாள் என்ற தீர்க்கதரிசியைச் சேர்க்க நான் பாடக்குழுவில் மூன்று கூட்டம் பேசியிருக்கிறேன். ஆலயத்தில் கிடைத்த புஸ்தகத்தைப் பற்றிக் கர்த்தரிடத்தில் விசாரிக்கும்படி ராஜா ஐந்து பேரை அனுப்பினான்; அவர்களில் ஒருவன் பிரதான ஆசாரியன். அந்த ஐந்து பேரும் போய் நின்றது ஒரு பெண்ணின் முன்னால். இத்தனை பெரிய செய்தி, பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டமாகத்தான் இடம்பெற்றது. மறுபடியும் மிரியாமுக்காகப் போய் நின்றால் "அம்மா எதைத் தொட்டாலும் இதிலேயே வந்து நிற்கிறாங்க" என்பார்கள். முன்பே சொல்லியிருக்கிறார்கள்.

இலக்கணத்திலும் எனக்கு ஒரு மறைவிடம் இருந்தது. லாஹெம் என்ற அதே சொல் யாத்திராகமம் 1:21இல் மருத்துவச்சிகளைக் குறித்து வருகிறது. அங்கே அவர்கள் பெண்கள் என்பதில் சந்தேகமே இல்லை. எபிரெயத்தில் ஆண்பால் விகுதி இப்படிப் பெண்களுக்கும் எப்போதாவது வருவதுண்டு. ஆகவே ஒரு விகுதியை வைத்து, மிரியாம் ஆண்களையும் சேர்த்து ஆராதனை நடத்தினாள் என்று சிறுபிள்ளைகளுக்கு அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் இந்தக் காரணத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், ராத்திரி தேடி, பிறகுதான் கண்டுபிடித்தேன். முதலில் பதில், பிறகு காரணம்.

தேடத் தேட மறுபக்கம்தான் கனத்தது. 1ஆம் வசனத்தில் மோசேயும் இஸ்ரவேல் புத்திரரும் பாடுவது 'கர்த்தரைப் பாடுவேன்.' 21இல் மிரியாம் சொல்வது 'கர்த்தரைப் பாடுங்கள்.' அதன்பின் குதிரையும் குதிரை வீரனும் கடலில் விழுகிற அந்த வரி இரண்டிலும் ஒன்றே. தன் பாட்டைத் தானே பாடுகிறவர் 'பாடுவேன்' என்பார். கூட்டத்தைப் பாடவைக்கிறவர்தான் 'பாடுங்கள்' என்பார். நமக்கு மிஞ்சியது மிரியாம் பாட்டின் முதல் வரி மட்டும், முழுப்பாட்டும் அவளுடையதாகவே இருந்திருக்கலாம் என்று கருதுகிற அறிஞர்கள் உண்டு. ஃபிராங்க் கிராஸும் டேவிட் நோயல் ஃப்ரீட்மனும் 1955இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே 'மிரியாமின் பாட்டு'தான். சாக்கடலோரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த பழஞ்சுருள்களில் ஒன்றில் மிரியாம் பாடுவதாகக் கூடுதல் வரிகள் சிதைந்த துண்டுகளாகக் கிடைத்திருக்கின்றன. அவளுக்கு ஒரு வரி போதாது என்று அந்தக் காலத்திலேயே யாரோ நினைத்திருக்கிறார்கள். நான் போதும் என்றேன்.

இதில் தமிழுக்கும் பங்குண்டு என்று சில நாள் தோன்றுகிறது. நம் பலர்பாலில் ஆணும் பெண்ணும் ஒன்று. 'அவர்கள்' என்றால் அவர்கள், அவ்வளவுதான். சங்கீதம் 68:11இல் 'ஆண்டவர் வசனம் தந்தார். அதைப் பிரசித்தப்படுத்துகிறவர்களின் கூட்டம் மிகுதி' என்று எத்தனையோ தடவை வாசித்திருக்கிறோம். எபிரெயத்தில் அது மெவஸ்ஸெரோத், பெண்பால் பன்மை. செய்தியைக் கூறிவருகிற பெண்கள், பெரிய சேனையாக. தமிழில் அந்தப் பெண்கள் 'கிறவர்களின்' என்ற விகுதிக்குள் கரைந்துபோனார்கள். நியாயாதிபதிகள் 5இல் தீர்க்கதரிசி தெபொராளும் படைத்தலைவன் பாராக்கும் பாடும்போது எபிரெய வினை 'பாடினாள்' என்று ஒருமையில் நிற்கிறது. (பக்கத்தில் இருக்கிற பெயரோடு வினை ஒட்டுவது எபிரெய வழக்கம். இதன்மேல் அதிகம் கட்ட எனக்கும் துணிவில்லை.) பாட்டின் நடுவில் 'விழி, விழி, தெபொராளே, பாட்டுப் பாடு' என்று அழைக்கப்படுகிறவள் அவள்தான், பாராக்கை எழும்பத்தான் சொல்கிறார்கள். எபிரெய வேதத்தின் மிகப் பழைய பாடல்களை எண்ணினால் இந்த இரண்டும் முதல் வரிசையில் வரும். இரண்டின் வாசலிலும் ஒரு பெண் நிற்கிறாள்.

ஆனால் பலர்பாலைக் குற்றம் சொல்லி நான் தப்பிக்க முடியாது. 'அவர்களுக்கு' என்று தமிழ் வேதம் திறந்தே வைத்திருந்தது. அந்தச் சொல்லுக்குள் ஆண்களும் நிற்க இடமிருந்தது. 'பெண்கள்' என்று எழுதி அதை மூடியவள் நான். தம்புராவை மாற்றுவதற்குக் காட்டிய அக்கறையில் பாதியை இதற்குக் காட்டியிருக்கலாம். வாத்தியத்தைத் திருத்தினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இல்லை, அப்படியும் முழுதாகச் சொல்லமுடியாது. அந்தப் படத்தில் பறையோடு ஆடுகிற மிரியாமைப் பார்த்து ஒரு சிறுமி, தானும் இப்படிச் செய்யலாமா என்று தன் டீச்சரிடம் கேட்டிருக்கலாம். கேட்டாளா என்பதை அறிய எனக்கு வழியில்லை.

இப்போது மறுபதிப்பு வருகிறது. திருத்தம் இருந்தால் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. வடிவமைத்த பெண் அங்கே இப்போது இல்லை, வேறு ஊரில் வேலை. அந்த வரியை எடுத்துவிட்டு 'மிரியாம் பறையைத் தட்டி, பாடுங்கள் என்றாள். எல்லாரும் பாடினார்கள்' என்று எழுதினேன். இரண்டு தடவை வாசித்த பிறகுதான் 'எல்லாரும்' கண்ணில் பட்டது. மறுபடியும் அதே பலர்பால். அடித்துவிட்டு 'ஆண்களும் பெண்களும்' என்று எழுதினேன். எழுதியதும் மருத்துவச்சிகளின் அந்த லாஹெம் நினைவுக்கு வந்தது. தாள் மேஜைமேல் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.