போன தடவை எழுதிக்கிட்டுப் போனது என்ன ஆச்சு?

சுனாமிக்குப் பிறகு கடலூர் கடற்கரை ஊர்களில் சர்வே படிவத்தோடு அலைந்தவன் நான். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதல் கேள்வியைக் கேட்டதுமே அந்த வீட்டுப் பெரியம்மா, "போன தடவை வந்தவங்க எழுதிக்கிட்டுப் போனது என்ன ஆச்சு தம்பி, அதைச் சொல்லிட்டு அப்புறம் கேளு" என்றார். என்னிடம் பதில் இல்லை. நாள் கூலிக்குப் படிவம் நிரப்பிய எனக்கும் அது எங்கே போகிறது என்று யாரும் சொல்லவில்லை.

மக்களோடு சேர்ந்து செய்யும் ஆய்வு என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். கேள்வியும் பட்ஜெட்டும் முடிவான பிறகு ஊருக்கு வந்து கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கினால் அது எப்படிச் சேர்ந்து செய்வது ஆகும்?

இங்கே கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம், காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க 2004இல் ஊர்க்காரர்களே வாளியில் காற்று பிடித்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை, வாளியில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால் வெளிக்காற்று பைக்குள் புகுந்துகொள்ளும், கருவி அவ்வளவுதான். அழுகிய முட்டை நாற்றம் நடுராத்திரி வந்தால் அதை மோந்துகொண்டு அங்கே கிடப்பது ஊர்க்காரர், ஆய்வாளர் சென்னையில் இருப்பார். மாதிரியை எப்போது எடுப்பது என்ற முடிவு ஊர்க்காரர் கையில் இருந்ததுதான் அந்த வேலையின் பலம். ஆனாலும் பையைப் பரிசோதிக்க அமெரிக்க ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டியிருந்தது, அந்தச் செலவைத் தாங்குகிறவர் கையில் பாதி அதிகாரம் போய்விடுகிறது என்பதையும் மறக்க முடியவில்லை.

அப்புறம், 'ஊர் சம்மதம்' என்று ஒன்று எழுதுகிறோமே. மீனவ ஊரில் பஞ்சாயத்தாரிடம் போய்க் கேட்கிறோம், அங்கே உட்கார்ந்திருப்பது ஆண்கள். துறைமுகத்தில் விடியற்காலை மீன் எடுத்துக் கூடை சுமக்கிற பெண்களிடம், வியாபாரம் முடிந்து அவர்கள் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துத் தனியாகக் கேட்காமல், ஊர் சம்மதித்தது என்று எழுதுவது பொய்.

தென்னாப்பிரிக்காவின் சான் என்ற பழங்குடி மக்கள் 2017இல், தங்களை ஆய்வு செய்ய வருகிறவர்களுக்குத் தாங்களே நெறிமுறை எழுதி வைத்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து எங்கள் சின்ன ஆய்வுக் குழுவில் பட்ஜெட் தாளைத் தமிழில் எழுதிக் கூட்டத்தில் வாசிக்கிறோம். போன வாரம் ஒரு அக்கா எழுந்து, "நீங்க வந்து போற காருக்கு இவ்ளோ, ஒரு நாள் வியாபாரத்தை விட்டுட்டு வர்ற எங்களுக்கு டீ மட்டுமா?" என்று கேட்டார். சரியான கேள்வி. டீ மட்டும் என்றிருந்த அந்த வரியை அடித்துவிட்டோம். எவ்வளவு என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருகிறோம்.