எண்ணெய் தின்னும் கிருமியை விலைக்கு வாங்கிய தம்பி

மலேசியாவில், பாகான் டத்தோ பக்கம் எங்கள் தோட்டத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மண்கரைதான். தண்ணீர்க் கதவு சரியாக மூடாத நாளில் செம்பனைக்கு நடுவே ஓடும் கால்வாய் கரித்துப்போகும். அந்தக் கால்வாய் ஓரம்தான் சித்தப்பா மகனின் லாரி பட்டறை. போன மாதம் பழைய எஞ்சின் எண்ணெய்ப் பீப்பாய் ஒன்று சாய்ந்துவிட்டது. பதறிப்போய் ஒரு பொட்டலம் பொடி வாங்கி வந்தான்.

"அண்ணே, இதுல எண்ணெய் தின்ற கிருமி இருக்காம், ஒரு வாரத்துல சுத்தமாயிடுமாம்."

கிருமி இருப்பதென்னவோ உண்மைதான். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, அந்தச் சேற்றிலேயே இருக்கும். சாதாரணக் கிருமியை உப்பில் போட்டால் உடம்புத் தண்ணீர் வெளியேறிச் சுருண்டுவிடும், கருவாடு கெடாமல் இருப்பது அதனால்தான். ஆனால் உப்புத் தண்ணீரில் வாழும் ஹாலோமோனாஸ், மரினோபேக்டர் போன்ற பாக்டீரியாக்கள் எக்டோயின் மாதிரிப் பொருள்களை உடம்புக்குள் சேர்த்துவைத்து, வெளியே உப்பு எவ்வளவு இழுத்தாலும் உள்ளே தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. (கருவாட்டில் சில சமயம் இளஞ்சிவப்பாகப் படருமே, அதுவும் உப்பு விரும்பிதான், ஆனால் பாக்டீரியா இல்லை, ஆர்க்கியா என்ற வேறு இனம்.)

எல்லாக் கிருமியும் எல்லா எண்ணெயையும் தின்னாது. 1998இல் பெயர் பெற்ற அல்கானிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ் என்ற பாக்டீரியா, கார்பன் அணுக்கள் வளையமாகாமல் சங்கிலியாகக் கோத்திருக்கும் எண்ணெயைத்தான் விரும்பும். நச்சு அதிகம் வளையங்களில் இருக்கிறது. அந்தக் காலத்து அந்துருண்டையின் நாஃப்தலீன் இரண்டு வளையம், புற்றுநோய் தரும் பென்சோபைரீன் ஐந்து. வளையம் தின்னும் கிருமி, டைஆக்சிஜனேஸ் என்ற நொதியால் அதில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் செருகும். கேட்டகால் மாதிரி ஒரு பொருளாக மாறியதும் வளையம் வெட்டுப்படும், அப்புறம் அது சாப்பாடு, கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீரும். வளையம் கூடக்கூட வேலை மந்தம்.

ஆக்சிஜன் எங்கிருந்து வரும் என்பதுதான் சிக்கல். உப்பு ஏறினால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனே குறைவு, சேற்றைக் கொஞ்சம் கிளறினாலே கறுப்பு, காற்றே இல்லை. கூடவே நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும், எண்ணெயில் கார்பனுக்குத்தான் பஞ்சமில்லை. 1989இல் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது கரையில் உரம் தெளித்துத்தான் அங்கிருந்த கிருமிகளைத் தூண்டிவிட்டார்கள். அப்படியும் கல்லுக்கடியில் புதைந்த எண்ணெய் பல வருஷம் கழித்தும் கிடந்தது.

"அப்ப யூரியா கொட்டிடவா?" என்றான். தோட்டத்துக்காரன் புத்தி!

கொட்டினால் கால்வாய் முழுக்கப் பாசிதான். முதலில் எண்ணெய் ஊறிய மண்ணை அள்ளி டிரம்மில் போட்டு மூடச் சொன்னேன். அதுவும் பழைய எண்ணெய் மாதிரியே அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியல் போட்டிருக்கும் அபாயக் கழிவு, உரிமம் உள்ள ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் மண்வெட்டி பிடித்து முனகிக்கொண்டே அள்ளினான். ஓரத்தில் மிஞ்சிய மெல்லிய படலத்தை மட்டும் கிருமிகளுக்கு விட்டிருக்கிறோம். வாடை குறைந்திருக்கிறது, ஆனால் குச்சியால் குத்தினால் இன்னும் வானவில் நிறத்தில் மிதந்து வருகிறது.