இரண்டாம் முறை கிளப் டீம் செலக்‌ஷன்: வாயைத் திறங்கள், தகிட சொல்லுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் குதிரையேற்ற கிளப்பின் லாயத்துச் சுவரில் டீம் பட்டியலை ஒட்டினார்கள். நான்கு பேர், ஒரு ரிசர்வ். நான் நாலாவது. முதல் மூவருக்கும் எனக்கும் இருக்கிற மதிப்பெண் தூரத்தைப் பார்த்தால் பெருமைப்பட ஒன்றுமில்லைதான். ஆனால் போன வருடம் இதே சுவருக்கு முன்னால் நின்று, என் பெயர் இல்லாத காகிதத்தை மூன்று தடவை மேலிருந்து கீழ் வரை படித்தவள் நான். அதனால் இந்த நாலாவது இடத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதினாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செலக்‌ஷன் எப்படி நடக்கும் என்று விளக்கப் போவதில்லை. லாயத்துக் கேள்விகள், ஃப்ளாட் (எதையும் தாண்டாமல் நடைகளை மட்டும் காட்டுவது), ஜம்பிங் (கட்டைகளைத் தாண்டுவது), யாருக்கு எந்தக் குதிரை என்பது குலுக்கலில். ஏற்காடு அடிவாரத்துக்குக் காலை ஐந்தரைக்கு வண்டி ஓட்டி வருகிறவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

போன வருடம் குலுக்கலில் எனக்கு மல்லிகா வந்தது. போனி. பதினாலு கை உயரம்கூட இல்லை. வருடம் முழுக்கப் பெரிய குதிரையிலேயே பழகியிருந்தேன் என்பதை முதலில் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். நான்கு கட்டைகள் சரியாகப் போயின. ஐந்தாவது, வளைவு முடிந்ததும் வருகிற ஒற்றைக் கட்டை. மல்லிகா நின்றுவிட்டது. நாலு ஃபால்ட், அதாவது தப்புக்கான புள்ளி. சுற்றிக்கொண்டு மறுபடி வந்தேன். மறுபடி நின்றது. இரண்டாவது மறுப்பு, மணி அடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான், ஒரு வருடம் போச்சு.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காலை அழுத்தவில்லை என்றார் கோச். கட்டையைப் பார்த்தாய், கட்டைக்கு அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்றாள் தோழி. அம்மா கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். தம்பி செல்போனில் எடுத்த வீடியோவைத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். அவனை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் உண்மையைக் காட்டியது அந்த வீடியோதான்.

எங்கள் லாயத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ரேஸ் லாயங்களில் இருபது வருடம் இருந்தவர். ஒரு நாள் கொள்ளு ஊறப்போட்டுக்கொண்டே அந்த வீடியோவை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "கண்ணு, ரெண்டாவது கட்டையிலேயே நீ மூச்சை நிறுத்திட்ட. அஞ்சாவதுக்கு வரப்போ நீ செத்துட்ட. செத்த ஆளைச் சுமந்துக்கிட்டு எந்தக் குதிரை தாண்டும்?"

நான் வீடியோவை மறுபடி பார்த்தேன். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. முகம் கத்திரிக்காய் நிறம். சுற்று முடிந்து வெளியே வந்து இறங்கிய பிறகுதான் நெஞ்சு ஏறி இறங்குகிறது.

மூச்சை அடக்கினால் என்ன ஆகிறது? முதுகு விறைக்கிறது. முதுகு விறைத்தால் இடுப்பு குதிரையோடு அசைவதில்லை. இடுப்பு அசையாவிட்டால் கை பூட்டிக்கொள்கிறது. கை பூட்டினால் கடிவாளம் வாயை இழுக்கிறது. பின்னால் காலால் போ என்கிறோம், முன்னால் கையால் நில் என்கிறோம். மல்லிகா நின்றதில் அதன் தப்பு எதுவுமில்லை. கீழே சொல்லப் போகிற மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை. இந்த ஒன்றுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் சொன்ன வழி, பாடு. எனக்குப் பாட வராது. எண்ணிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று போனால் எண்ணிக்கை கூடக் கூடப் பதற்றமும் கூடுகிறது, ராக்கெட் விடுகிற மாதிரி. பள்ளியில் மூன்று வருடம் பரதம் ஆடியவள். ஒரு நாள் கேண்டரில், அதாவது பாய்ச்சல் நடையில், போகும்போது தானாக வாயில் வந்தது: தகிட, தகிட. கேண்டர் மூன்று தட்டு நடை. த-கி-ட, அப்புறம் நாலு காலும் காற்றில் இருக்கிற ஒரு நொடித்துண்டு, மறுபடி த-கி-ட. ட்ராட் என்கிற துள்ளோட்டம் இரண்டு தட்டு: தக, தக. வாக் என்கிற சாதாரண நடை நாலு தட்டு: தகதிமி. நட்டுவனார் குதிரைக்காகவே கட்டிய சொல் மாதிரி இருந்தது.

சத்தமாகச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொன்னால் மூச்சு அடைத்தபடியேதான் இருக்கும், சோதித்துவிட்டேன். வாய் பேசினால் மூச்சு வெளியே போயே ஆக வேண்டும். தாளம் தப்பினால் குதிரை வேகம் மாறிவிட்டது என்று காதே சொல்லிவிடும். மே மாதம் கிளப்பில் சிலரை ஏற்காட்டுக்கு மேலே ஒரு காபித் தோட்டத்துப் பாதைக்குக் கூட்டிப்போனார்கள். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஏற்றத்தில் ட்ராட். பனி இறங்கியிருக்க, முன்னால் போகிறவர் முதுகு தெரியாது, என் தகதக மட்டும் கேட்கும். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. சின்ன வயதில் வாயால் ஊதித்தான் கண்ணி பற்றவைப்பார். மூச்சு ஒரே சீராகப் போகாவிட்டால் வெள்ளி உருகிக் கோணிவிடும். நான் இந்தக் கண்டுபிடிப்பைப் பெருமையாகச் சொன்னபோது, "இதுக்கா ஒரு வருஷம் ஆச்சு? என்னைக் கேட்டிருந்தா ஒரு நாள்ல சொல்லியிருப்பேன்" என்றார். கேட்டிருந்தால் கொலுசைப் பற்றித்தான் சொல்லியிருப்பார், அது வேறு விஷயம்.

இனி ஃப்ளாட். போட்டியில் இதற்கு டிரெஸ்ஸாஜ் என்று பெயர். 2023-இல் ஹாங்ஜோவில் நம் டிரெஸ்ஸாஜ் டீம் தங்கம் வாங்கியது. ஆசிய விளையாட்டுக் குதிரையேற்றத்தில் 1982-க்குப் பிறகு, அதாவது 41 வருடம் கழித்து இந்தியாவுக்கு வந்த தங்கம். அதிலிருந்து கிளப்பில் சேருகிற எல்லோரும் அந்த டீமில் இருந்த அனுஷ் அகர்வாலா வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். பாருங்கள், நானும் பார்த்தேன், அழுதும் இருக்கிறேன். ஆனால் செலக்‌ஷனுக்கு முந்தின வாரம் வேண்டாம். அந்தக் குதிரை செய்வதை நம் குதிரையிடம் கேட்டால் அது நம்மைப் பரிதாபமாகத் திரும்பிப் பார்க்கும். நமக்கு வேண்டியது நேர்க்கோடு, உருண்டையான வட்டம், அரினா என்கிற களத்தின் ஓரத்தில் வைத்திருக்கும் ஆங்கில எழுத்துகளில் சொன்ன எழுத்தில் சொன்ன நடை. 20 மீட்டர் வட்டம் முட்டை மாதிரி வந்தால் பத்துக்கு ஐந்துக்கு மேல் யாரும் போட மாட்டார்கள்.

எழுத்துகளை மனப்பாடம் செய்ய ஆங்கிலத்தில் ராஜா வருகிற ஒரு வாக்கியம் சொல்லித்தருவார்கள். எனக்கு அது நிற்கவே இல்லை. நான் சேலத்தையே போட்டுக்கொண்டேன். ஏ - அஸ்தம்பட்டி. கே - கன்னங்குறிச்சி. ஈ - ஏற்காடு அடிவாரம். ஹெச் - ஹேர்பின். சி - மலை உச்சியில் காபி, நடுவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். இறங்கும்போது எம் - மூக்கனேரி, பி - பஸ் ஸ்டாண்டு, எஃப் - ஃபைவ் ரோட்ஸ். மறுபடி அஸ்தம்பட்டி. ஊரைச் சுற்றி வந்தால் அரினா முடிந்தது. சேலத்துக்காரர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் என் மருந்தே எனக்கு விஷமானது. டிரெஸ்ஸாஜில் குரல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அந்த அசைவுக்கான மதிப்பெண் குறையும். படித்திருந்தேன், கேள்வி கேட்டால் சொல்லியும் இருப்பேன். ஆனால் ஒன்பது மாதம் பழகிய வாய் சும்மா இருக்குமா? நடுவரின் மேசைக்கு நேர் முன்னால், ட்ராட்டில், தக தக தக என்று போயிருக்கிறேன். ஆறரை வர வேண்டிய இடத்தில் நாலரை. பக்கத்தில் "குரல்" என்று ஒரே சொல். கீழே கோடு வேறு. மூன்றாவதாக வந்திருக்க வேண்டியவள் நாலாவதாக இறங்கியது இதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

லாயத்துக் கேள்விகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. குறிப்புகளைப் படித்துவிட்டு வந்தவர்கள் தடுமாறினார்கள், சாணி அள்ளியவர்கள் தப்பித்தார்கள். என்னிடம் கேட்டவை:

- ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடித் துடிப்பு (நிமிடத்துக்கு 28 முதல் 44), உடல் வெப்பம் (37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ்).
- வயிற்று வலி என்று எப்படித் தெரியும். முன்காலால் தரையைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்து உருளும், சாணி போடாது. தீவனத்தை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதைச் சேர்த்துச் சொன்னேன், கேள்வி கேட்டவர் தலையாட்டினார்.
- பூட்ஸுக்கு ஏன் குதிகால் வேண்டும். கால், மிதித்து ஏறுகிற அங்கவடிக்குள் முழுதாக நழுவி மாட்டிக்கொள்ளாமல் இருக்க.
- கொள்ளுத் தீவனம் எப்போது போடக் கூடாது. ஓடி வந்த மூச்சு அடங்குவதற்குள்.

பைக் ஹெல்மெட்டோடு வந்த பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலையில் பூ வைத்துக்கொண்டு வராதீர்கள், இரண்டாவது வளைவிலேயே உதிர்ந்துவிடும். இது அம்மாவுக்காகச் சொல்கிறேன்.

கோர்ஸ் நடப்பது, அதாவது ஓட்டுவதற்கு முன் கட்டைகளுக்கு நடுவே நடந்து தூரம் அளப்பது. நாம் நாலு காலடி வைத்தால் குதிரைக்கு ஒரு ஸ்ட்ரைட், அதாவது ஒரு பாய்ச்சல்; இறங்குவதற்கு இரண்டு காலடி, எழும்புவதற்கு இரண்டு காலடி என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஒரு காலடி மூன்று அடி நீளம் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. நான் ஐந்தடி உயரம், என் சாதாரணக் காலடி இரண்டரை அடிதான். போன வருடம் நான் நடந்து எண்ணியதெல்லாம் பொய்க்கணக்கு. இந்த வருடம் மொட்டை மாடியில் டேப் பிடித்து மூன்று அடிக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, தினமும் துணி காயப்போடும் நேரத்தில் நடந்தேன். ஒரு மாதத்தில் கால் பழகிவிட்டது. இரண்டு கட்டைக்கு நடுவே இருபது காலடி வந்தால் நாலு ஸ்ட்ரைட். போனி என்றால் அதன் ஸ்ட்ரைட் குட்டை, அதே தூரத்துக்கு ஒன்று கூடுதலாகப் போடும். மல்லிகாவிடம் இதையும் கோட்டைவிட்டிருந்தேன்.

இந்த வருடக் குலுக்கலில் எனக்கு வந்தது கருப்பட்டி. ரேஸில் ஓடி ஓய்ந்த தரோபிரெட், அதாவது பந்தயக் குதிரை இனம். கட்டையைக் கண்டால் வின்னிங் போஸ்ட் என்று நினைத்துக்கொள்ளும். சீட்டைப் பிரித்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் "அய்யோ" என்றார்கள். நான் மட்டும் சொல்லவில்லை. ஏனென்றால் ஆடி முதலே யாரும் தொடாத குதிரையாகக் கேட்டு வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். பிடித்த குதிரையிலேயே வருடம் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சீட்டு எழுதுகிறவருக்கு உங்கள் பிரியம் தெரியாது.

மணி அடித்த பிறகு தொடக்கக் கோட்டைத் தாண்ட 45 விநாடி இருக்கிறது. எல்லோரும் மணி கேட்டதும் பாய்கிறார்கள். நான் வாக் நடையில் அரை வட்டம் போனேன். தகதிமி, தகதிமி. கருப்பட்டியின் ஒரு காது பின்னால் திரும்பி என்னைக் கேட்டது. அப்புறம் கேண்டர். முதல் கட்டை, இரண்டாவது, மூன்றாவதில் வேகம் கூடியது. வாயிலிருந்த தகிடவை மெதுவாக்கினேன், கையை அல்ல. நம்ப மாட்டீர்கள், குதிரையும் மெதுவானது. என் உடம்பு சொல்லோடு மெதுவானதால்தான் அது மெதுவாகியிருக்கும். ஐந்தாவது கட்டை இந்த வருடமும் வளைவு முடிந்ததும்தான். தகிட தகிட தகி, அந்தக் கடைசி "ட" காற்றில் போனது, நாங்கள் அந்தப் பக்கம் இருந்தோம். எட்டாவதில் பின்கால் பட்டு ஒரு கட்டை விழுந்தது, நாலு ஃபால்ட். விழட்டும்.

வெளியே வந்ததும் அண்ணன் வயிற்று வாரைத் தளர்த்திக்கொண்டே, "உசுரோட வந்துட்ட போல" என்றார். வேறு பாராட்டு கிடையாது.

டீமுக்கு அடுத்த மாதம் வெளியூர்ப் போட்டி. அதில் எனக்கு டிரெஸ்ஸாஜும் போட்டிருக்கிறார்கள். வாயைத் திறக்காமல் மூச்சு விட இனிமேல்தான் பழக வேண்டும். நாலு நாளாக மூக்காலேயே தகிடவை முனகிப் பார்க்கிறேன். வெளியே கேட்கவில்லை என்று தம்பி சொல்கிறான். கருப்பட்டி மட்டும் காதைத் திருப்புகிறது.