லைக் வந்தால் சிமிலியா?

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஆங்கில விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கீழே அழுகிற முகம் மூன்று. அதற்கும் கீழே, "சித்தி, இது எப்படித் தப்பாகும்? லைக் இருக்குல்ல?"

ஐந்து வரி கொடுத்து, சிமிலி, அதாவது உவமை, இருக்கும் வரிகளைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். 'ஷீ ஸ்விம்ஸ் லைக் ஹெர் மதர்' என்ற வரியை இவள் குறித்திருக்கிறாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. ஒரு மார்க் காலி.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே தப்பை இதே வயதில் நானும் செய்திருக்கிறேன். என் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிவைத்திருந்தேன்: "லைக், ஆஸ் இருந்தால் சிமிலி. இல்லாவிட்டால் மெட்டஃபர்." மெட்டஃபர் என்றால் உருவகம். பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கத் தோதான விதி. பத்துக்கு எட்டு இடத்தில் சரியாகவும் வரும். மிச்ச இரண்டில் கழுத்தறுக்கும்.

போன் போட்டேன். "அம்மாவும் மனுஷி, பொண்ணும் மனுஷி. ரெண்டு பேரோட நீச்சலும் ஒரே மாதிரி இருக்குன்னு சொன்னா அது வெறும் தகவல்டி. மீன் மாதிரி நீந்துறான்னா அது சிமிலி."

"அப்போ அந்த அம்மா மீன் மாதிரி நீந்துனா?"

"அப்போ அம்மா வரைக்கும் சிமிலி. பொண்ணு தகவல்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "லைக் இருந்தாப் போதும்னுதானே சித்தி சொல்லிக்கொடுத்தாங்க?" என்றாள். அவள் கோபம் நியாயம்தான். சொல்லிக்கொடுத்தது ஒரு விதி, கேள்வி கேட்டது வேறு விதியை வைத்து.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒரு சங்கதி உண்டு. இவளும் நானும் தமிழ் வகுப்பில் உவமையணி படித்துவிட்டுத்தான் அடுத்த பீரியடில் சிமிலி படித்தோம். தமிழில் உவமானம், உவமேயம், உவம உருபு, பொதுத்தன்மை என்று நான்கு பங்காகப் பிரித்து எழுதினால்தான் முழு மார்க். எதை எதோடு ஒப்பிடுகிறோம், எந்த விஷயத்தில் ஒப்பிடுகிறோம் என்று பிரித்தாலே 'அம்மா மாதிரி' மாட்டிக்கொள்ளும். ஆங்கில வகுப்பில் அந்த இரண்டு பக்கத்துக்கும் பெயரே சொல்லித் தரவில்லை. உவமேயத்துக்கு டெனர், உவமானத்துக்கு வெஹிக்கிள் என்ற சொற்களை நான் கேள்விப்பட்டதே காலேஜில்தான். அவற்றை ஆங்கில விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1936-இல். ஆனால் தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. தொழில், பயன், வடிவம், நிறம் என்று ஒப்புமை பிறக்கும் வழி நான்கு என்கிறது: "வினைபயன் மெய்உரு என்ற நான்கே". மீன் மாதிரி நீந்துவது வினை உவமம். இதை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஆங்கில நோட்டைத் திறந்து 'லைக் இருந்தால் சிமிலி' என்று எழுதினேன். இரண்டு பீரியடுக்கும் நடுவில் மணி அடித்தால் மூளையும் கதவைச் சாத்திக்கொள்ளும் போல.

மெட்டஃபர் கதையும் அப்படித்தான். லைக்கை எடுத்துவிட்டால் மெட்டஃபர் என்பது ஆங்கில வகுப்புக் கணக்கு. தமிழில் உருபை எடுத்தாலும் உவமை உவமையாகவே உட்கார்ந்திருக்கும். கயல்விழி என்றால் கயல் போன்ற விழி. 'போன்ற' மறைந்திருக்கிறது, அதனால் உவமைத்தொகை. அதையே விழிக்கயல் என்று திருப்பிப் போட்டால் விழியே கயல், உருவகம். பவளவாய் உவமை, வாய்ப்பவளம் உருவகம். சொல் இடம் மாறினால் அணியே மாறிப்போகிறது. இதை அவளிடம் சொன்னபோது, "அப்போ கயல்விழின்னு பேர் வச்சவங்க சிமிலி, மெட்டஃபர் இல்லையா?" என்றாள். அவள் வகுப்பில் இரண்டு கயல்விழிகள் இருக்கிறார்களாம்.

எங்களுக்குப் பத்தாம் வகுப்பில் வந்த ஆங்கில மிஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச் பட்டியலை முதல் நாளே எழுதிப்போட்டு, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிட்டார். பிறகு வகுப்பில் ஒரே ஒரு வேலை. போர்டில் ஒரு வரி எழுதுவார். அதில் இருக்கிற அலங்காரத்தைக் கழற்றிவிட்டு, அதே செய்தியை வெறும் வரியாகப் பக்கத்தில் எழுதச் சொல்வார். அப்புறம் கேட்பார்: "என்ன போச்சு?"

முதல் வரி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. 'நகரம் தூங்கிக்கொண்டிருந்தது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. மனிதரல்லாததை மனிதராகப் பேசுவதால் பெர்சானிஃபிகேஷன் என்று மொத்த வகுப்பும் கத்தியது. அவர் கண்டுகொள்ளவே இல்லை. "கழட்டு" என்றார். 'தெருவில் ஆள் இல்லை' என்று யாரோ சொன்னதை எழுதினார். "என்ன போச்சு?"

அமைதி. அழகு போச்சு மிஸ், கற்பனை போச்சு மிஸ் என்று முன்பெஞ்சிலிருந்து வழக்கமான பதில்கள் வந்தன. கடைசி பெஞ்சில் ஒருத்தி, அதிகம் வாயே திறக்காதவள், எழுந்து நின்று சொன்னாள்: "தூங்கினா காலைல எந்திரிக்கும் மிஸ். ஆள் இல்லைன்னா இல்லதான்."

மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். பிறகு அந்த வெறும் வரியை மட்டும் டஸ்டரால் அழித்தார். பாராட்டு ஒன்றும் சொன்னதாக நினைவில்லை. ஆனால் அன்றைக்கு அப்புறம் நாங்கள் எல்லோரும் கடைசி பெஞ்சைத் திரும்பித் திரும்பிப் பார்த்தோம்.

அடுத்தடுத்த சொற்கள் ஒரே ஒலியில் தொடங்கும் அலிட்டரேஷனில் நான் வாங்கிய அடி தனி. 'சிட்டி', 'கேட்' இரண்டும் ஆங்கிலத்தில் ஸி எழுத்தில் தொடங்குகின்றன, ஆகவே அலிட்டரேஷன் என்று எழுதிவிட்டேன். "காதால் படி, கண்ணால் படிக்காதே" என்று எழுதித் திருப்பித் தந்தார். எழுத்து ஒன்றாக இருந்து பயனில்லை, ஒலி ஒன்ற வேண்டும். அதனால்தான் கே எழுத்தில் தொடங்கும் 'நோ'வும் என் எழுத்தில் தொடங்கும் 'நைட்'டும் ஜோடி சேரும், சிட்டியும் கேட்டும் சேராது. தமிழ் மோனையில் பழகியவளுக்கு இது வேறு ஒரு குழப்பம். நம் மோனை கொஞ்சம் தாராளம். சகரத்துக்குத் தகரம் மோனையாக வரும், மகரத்துக்கு வகரம் வரும், ஞகரத்துக்கு நகரம் வரும். எதுகை என்று இரண்டாம் எழுத்தில் ஒலியைக் கட்டுவது ஆங்கிலப் பாடப் பட்டியலில் எங்குமே கிடையாது. அவர்கள் வரிக் கடைசியில் கட்டுகிறார்கள், நாம் வரித் தலையிலேயே கட்டிவிடுகிறோம்.

மிகைப்படுத்திச் சொல்லும் ஹைப்பர்போல், முரணான சொற்களைச் சேர்த்துக் கட்டும் ஆக்ஸிமோரான் எல்லாம் யாருக்கும் சிரமம் தரவில்லை. ஆக்ஸிமோரானில் ஒரே ஒரு வேடிக்கை: அந்தச் சொல்லே ஒரு ஆக்ஸிமோரான். கிரேக்கத்தில் ஆக்ஸுஸ் என்றால் கூர்மை, மோரோஸ் என்றால் மந்தம். கூர்மந்தம்.

இலக்கணத்துக்கு வருகிறேன். பாசிவ் வாய்ஸ், அதாவது செயப்பாட்டுவினை, என்றாலே எனக்கு ஒரு உலக உருண்டைதான் நினைவுக்கு வரும்.

வகுப்பறை அலமாரி மேல் இருந்த குளோபை இறக்கி, எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்று பரிசோதித்தது நான். தண்டிலிருந்து கழன்று, தரையில் விழுந்து, நிலநடுக்கோட்டில் சரியாக இரண்டாகப் பிளந்தது. மன்னிப்புக் கடிதம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது தண்டனை. அந்த வாரம்தான் பாசிவ் வாய்ஸ் முடித்திருந்தோம். 'த குளோப் வாஸ் புரோக்கன்' என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு அழகாக எழுதினேன். என் பெயர் கடைசியில் கையெழுத்தாக மட்டும் வந்தது.

ஓரத்தில் மிஸ் இரண்டே சொல் எழுதியிருந்தார்: "பை ஹூம்?"

நேரில் கூப்பிட்டும் கேட்டார். "பை-யை விட்டுடலாம்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க" என்றேன். "எப்ப விடலாம்னு சொன்னேன்?" யார் செய்தது என்று தெரியாதபோது, சொல்லாமலே தெரியும்போது, யார் என்பது முக்கியமில்லாதபோது. நோட்டில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். "இந்த மூணுல உன்னோடது எது?"

திருத்தி எழுதியது நாலே சொல். ஐ புரோக் த குளோப். எழுத அரை மணி நேரம் ஆனது.

இப்போது என் பிழைப்பே பிறர் எழுதியதைத் திருத்துவதுதான். 'தாமதம் ஏற்பட்டது', 'தவறு நேர்ந்துவிட்டது' என்று வரும் கடிதங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஓரத்தில் அந்த இரண்டு சொல்லை எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்த இரண்டு வாக்கியமும் செயப்பாட்டுவினையே அல்ல. தமிழில் ஆளை மறைக்க 'உடைக்கப்பட்டது' வரைக்கும் போக வேண்டிய அவசியமே இல்லை. 'உடைந்தது' போதும். உடைந்தது, உடைத்தது. சாய்ந்தது, சாய்த்தது. கவிழ்ந்தது, கவிழ்த்தது. ந்-க்கும் த்-க்கும் நடுவில்தான் குற்றவாளி ஒளிந்திருக்கிறான். 'உடைக்கப்பட்டது' என்றாலாவது யாரால் என்று கேட்க இடம் இருக்கிறது. 'உடைஞ்சிடுச்சு' என்றால் அதுவும் கிடையாது, பாத்திரம் தானாக ஆசைப்பட்டு உடைந்துபோன மாதிரி. ஆங்கிலத்திலும் இந்த வசதி உண்டு, 'த குளோப் புரோக்' என்று எழுதித் தப்பித்திருக்கலாம். பதினைந்து வயதில் அந்த அளவுக்கு இலக்கணம் தெரியவில்லை.

டாங்க்ளிங் மாடிஃபையர் நடத்திய அன்று மிஸ் படம் வரைந்தார். எங்களில் ஒருத்தி எழுதியிருந்த வாக்கியம்: 'ரன்னிங் டு ஸ்கூல், த ரெயின் ஸ்டார்ட்டட்.' போர்டில் ஒரு மேகம், மேகத்துக்கு இரண்டு கால், முதுகில் புத்தகப்பை. "இதுதான் ஸ்கூலுக்கு ஓடுது" என்றார். ஓடியது யார் என்பதைக் காற்புள்ளிக்கு அந்தப் பக்கம் தேடினால் அங்கே மழைதான் நிற்கிறது. படம் வரைந்த பிறகு யாரும் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

பல வருஷம் கழித்துத் தொல்காப்பிய வினையியலைப் புரட்டும்போது "முதல்நிலை மூன்றும் வினைமுதல் முடிபின" என்ற வரியில் இடறினேன். செய்து, செய்யூ, செய்பு என்ற மூன்று எச்சங்களும், அந்த வினையை யார் செய்தாரோ அவருடைய வினையைக் கொண்டே முடிய வேண்டும். வந்து உட்கார்ந்தான் என்றால் வந்தவனும் உட்கார்ந்தவனும் ஒருவன்தான். சட்டென்று புத்தகப்பை மாட்டிய மேகம் கண் முன்னால் வந்து நின்றது. அதே விதி! வழக்கு விதியைக் கேட்கவா செய்கிறது, 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று எல்லாரும்தான் எழுதுகிறோம். பெய்தது ஒன்று, நிறைந்தது வேறு. திருத்துகிற வேலையில் இருக்கும் நானும் அதைத் தொடுவதில்லை.

எல்லா விதிக்கும் இப்படி மரியாதை தர வேண்டியதும் இல்லை. வாக்கியத்தை இன், ஃப்ரம் மாதிரியான பிரிப்பொசிஷனில் முடிக்காதே என்று எங்களை மிரட்டுவார்கள். 1672-இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், தனக்கு முந்தைய தலைமுறைக்காரரான பென் ஜான்சனின் ஒரு வரியைக் காட்டி, கடைசியில் பிரிப்பொசிஷன் நிற்கிறது என்று குறை சொன்னார். அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அது பள்ளிக்கூட நோட்டு வரைக்கும் நடந்து வந்துவிட்டது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அன்றும் அப்படித்தான் முடித்தார்கள், இன்றும் முடிக்கிறார்கள்.

அக்கா மகளுக்கு அந்த ஒரு மார்க் கிடைக்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. அதற்குப் பதில், சொந்தமாக ஐந்து வரி எழுதி, ஒவ்வொன்றிலும் என்ன அணி என்று குறித்து அனுப்பச் சொன்னேன். நாலு வரியில் தப்பில்லை. ஐந்தாவது: 'ராத்திரி முழுக்க ஃபேன் முனகிட்டே இருந்துச்சு.' பக்கத்தில் ஓனமடோபியா என்று எழுதி, அடித்து, பெர்சானிஃபிகேஷன் என்று எழுதி, அதையும் அடித்து, ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

முனகல் ஒலிக்குறிப்பா, மனிதச் செயலா? மிஸ் சொன்ன மாதிரி கழற்றிப் பார்த்தேன். 'ஃபேனிலிருந்து சத்தம் வந்தது.' சத்தத்தின் சாயலும் போனது, ஃபேனின் வலியும் போனது. ரெண்டும்தான் என்று பதில் அனுப்பினேன்.

உடனே வந்தது: "ரெண்டுக்கும் சேர்த்து ஒரே மார்க்தானா சித்தி?"