பிஏ ஸ்கூல் விண்ணப்பம்: முதலில் டிரான்ஸ்கிரிப்ட், அப்புறம்தான் கட்டுரை

அமெரிக்காவில் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் (பிஏ; மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளுக்குச் சிகிச்சை தருபவர்) படிப்புக்கு இடம் கிடைத்தவர்களிடம், ஜிபிஏ (கிரேடு சராசரி) எவ்வளவு, பேஷன்ட் கேர் (நோயாளிகளைக் கவனித்த அனுபவம்) எத்தனை மணி நேரம் என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். விண்ணப்பம் எந்தத் தேதியில் ‘வெரிஃபைடு’ (சரிபார்த்து முடிந்தது) ஆனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

பெரும்பாலான புரோகிராம்களில் ரோலிங் அட்மிஷன். விண்ணப்பம் வர வரப் படித்து, இன்டர்வியூவுக்கு அழைத்து, இடங்களை நிரப்பிக்கொண்டே போவார்கள். பிஏ ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பத் தளமான காஸ்பா ஏப்ரல் கடைசியில் திறக்கிறது. ஜூன் முதல் வாரமே சப்மிட் பட்டனை அழுத்தியிருந்தாலும், எல்லா டிரான்ஸ்கிரிப்டும் (கல்லூரி அனுப்பும் மதிப்பெண் பதிவு) குறைந்தது 2 பரிந்துரைக் கடிதங்களும் போய்ச் சேராதவரை ‘கம்ப்ளீட்’ ஆகாது. கம்ப்ளீட் ஆகாமல் சரிபார்ப்பு வரிசையில் இடமே கிடையாது. வரிசைக்குள் வந்த பிறகும் நெரிசலான மாதங்களில் சில வாரங்கள் பிடிக்கும். ஸ்கூல்கள் வைக்கும் கெடுவும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு அன்றைக்குள் சப்மிட் ஆனால் போதும், சிலருக்குக் கம்ப்ளீட், சிலருக்கு வெரிஃபைடு. கடைசி வகை ஸ்கூலுக்கு, கெடுவுக்கு ஒன்றரை மாதம் முன்னாலேயே உங்கள் பக்க வேலை முடிந்திருக்க வேண்டும்.

டிரான்ஸ்கிரிப்டில் கவனிக்க வேண்டியவை:

- படித்த ஒவ்வொரு அமெரிக்கக் கல்லூரியிலிருந்தும் தனித்தனியாக வர வேண்டும். ஹைஸ்கூலில் படிக்கும்போதே எடுத்த கல்லூரிப் பாடம் (டூயல் என்ரோல்மென்ட்), கோடையில் கம்யூனிட்டி காலேஜில் எடுத்த ஒற்றைப் பாடம் எல்லாம் சேர்த்தி. நிறையப் பேர் விட்டுவிடுவது இதைத்தான்.
- காஸ்பா தரும் டிரான்ஸ்கிரிப்ட் ஐடி படிவத்தைக் கோரிக்கையோடு இணைக்கவும். இல்லாவிட்டால் வந்த ஆவணம் உங்கள் கணக்கோடு சேராமல் எங்கோ கிடக்கும்.
- ஸ்பிரிங் செமஸ்டர் நடந்துகொண்டிருந்தால் அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். ஆர்டர் செய்யும் பக்கத்தில் ‘ஹோல்ட் ஃபார் கிரேட்ஸ்’, ‘ஹோல்ட் ஃபார் டிகிரி’ போன்ற, கிரேடோ பட்டமோ பதிவாகும்வரை நிறுத்திவைத்து அனுப்பும் வசதி பல கல்லூரிகளில் உண்டு. கிரேடு ஏறாத டிரான்ஸ்கிரிப்டை அனுப்பிவிட்டு, விண்ணப்பத்தில் மட்டும் கிரேடை எழுதினால் இரண்டும் பொருந்தாது.
- கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பாக்கி, நூலக அபராதம் ஏதாவது இருந்தால் டிரான்ஸ்கிரிப்டை அனுப்பாதபடி கணக்கில் ஹோல்ட் (தடை) விழுந்திருக்கலாம். மார்ச்சிலேயே பார்த்துவிடுங்கள்.

பாடங்களை நிரப்பும்போது உங்களுக்கென்று சொந்தமாக ஒரு பிரதி டிரான்ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே ஏற்றுங்கள்: செமஸ்டர், பாட எண், கிரெடிட், கிரேடு. லேப் தனி வரியாக இருந்தால் தனி வரி. பாதியில் விட்டு ‘டபிள்யூ’ வாங்கிய பாடமும் வர வேண்டும். டிரான்ஸ்ஃபர் கிரெடிட்டை முதலில் படித்த கல்லூரியின் கீழ் மட்டும் போடவும். இரண்டு இடத்தில் போட்டால் சிக்கல். பெரிய பிழை இருந்தால் விண்ணப்பம் ‘அன்டெலிவர்டு’ என்று திரும்பி வரும். திருத்தி அனுப்பினாலும் போன நாட்கள் போனவைதான்.

ஜிபிஏவில் இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும். திரும்ப எழுதிய பாடத்தின் பழைய கிரேடைக் கல்லூரி நீக்கியிருக்கலாம்; காஸ்பா நீக்காது. 4 கிரெடிட் கெமிஸ்ட்ரியில் எஃப், அடுத்த முறை ஏ என்றால் 8 கிரெடிட்டுக்குச் சராசரி 2.0. ஆண்டை செமஸ்டராக இல்லாமல் குவார்ட்டராகப் பிரிக்கும் கல்லூரியின் 5 கிரெடிட் இங்கே சுமார் 3.3 செமஸ்டர் கிரெடிட்தான். அனாடமிக்கு 4 கேட்கும் ஸ்கூலில் அது போதுமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில ஸ்கூல்கள் 5 அல்லது 10 ஆண்டுக்கு முந்தைய அறிவியல் பாடங்களை ஏற்பதில்லை. அதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். இருபது இடத்துக்கு அனுப்புகிறவர்களைப் பார்த்து மிரள வேண்டாம். முன்தேவைப் பாடம் பொருந்தாத ஸ்கூலுக்குக் கட்டும் பணம் தண்டம்.

மற்றவை சுருக்கமாக.

கடிதங்கள்: பிப்ரவரி, மார்ச்சில் நேரில் கேளுங்கள், காஸ்பா திறந்ததும் எழுதுபவரின் பெயரைச் சேர்த்து அழைப்பு அனுப்புங்கள். அழைப்பு மின்னஞ்சல் ஸ்பேமில் விழுவது சகஜம், ஒரு வாரத்தில் விசாரியுங்கள். பெரும்பாலான இடங்களில் 3 கேட்பார்கள்.

பேஷன்ட் கேர்: சிகிச்சையில் நேரடிப் பொறுப்பு இருந்தால்தான் அந்தத் தலைப்பு. இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்), சிஎன்ஏ (செவிலிய உதவியாளர்), மெடிக்கல் அசிஸ்டென்ட் வேலைகளில் பிரச்சினை இல்லை. ஸ்கிரைப் (மருத்துவருக்குக் குறிப்பு எழுதுபவர்) வேலையைச் சில ஸ்கூல்கள் நேரடிப் பொறுப்பில்லாத ‘ஹெல்த்கேர்’ தலைப்பின் பக்கம் தள்ளிவிடும். ஒரே வேலையை இரண்டு தலைப்பிலும் பிரித்துப் போடலாம், ஆனால் அதே மணி நேரத்தை இரண்டு முறை எண்ணக் கூடாது. இனி பார்க்கப் போகும் மணிகளும் கணக்கில் வராது.

கட்டுரை: இடைவெளி உட்பட 5,000 எழுத்து. சப்மிட் செய்த பிறகு இதைத் தொட முடியாது. ஏற்கெனவே போட்ட அனுபவங்களையும் திருத்த முடியாது, புதியதைச் சேர்க்கலாம். இதில் மெருகேற்றிக்கொண்டே ஜூலையைக் கடத்துகிறவர்கள் ஏராளம்.

இந்தியாவிலோ இலங்கையிலோ பட்டம் வாங்கியவர்களுக்குத் தனிக் கணக்கு. காஸ்பா வெளிநாட்டு டிரான்ஸ்கிரிப்டை நேரடியாக வாங்காது; வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்க முறைக்கு மதிப்பிடும் டபிள்யூஇஎஸ் போன்ற நிறுவனத்தின் பாடவாரி மதிப்பீடு வேண்டும். அங்கே படித்த அறிவியல் பாடங்களைப் பல ஸ்கூல்கள் முன்தேவையாக ஏற்காமல், அமெரிக்கக் கல்லூரியிலேயே மறுபடி படிக்கச் சொல்லும். ஆகவே முதலில் ஸ்கூல் பட்டியல், பிறகு மதிப்பீடு. நம் பல்கலைக்கழகங்களிலிருந்து முத்திரையிட்ட மதிப்பெண் சான்று கிளம்புவதற்கே மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே அந்தச் சான்றுக்கு விண்ணப்பித்து வைப்பது நல்லது.