வேத காலத் தாசியும் என் அப்பாயியும்

பதினோரு ஆண்டுகள் அந்தக் கேள்விக்குச் சிவப்பு மையால் மதிப்பெண் போட்டிருக்கிறேன். "வேத காலத்தில் பெண்களின் நிலை பற்றி எழுதுக." கார்கி, மைத்ரேயி என்ற வேத காலப் பெண் அறிஞர்கள் இருவரின் பெயர்களும் 'உயர்ந்த நிலையில் இருந்தனர்' என்ற வரியும் இருந்தால் ஐந்துக்கு நான்கு. பெயர்களுக்கு அடியில் கோடு போட்டிருந்தால் ஐந்து. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியை நான். எனக்கும் அப்படித்தான் சொல்லித்தந்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில் தோழி ஒருத்தி ஒரு கட்டுரையின் ஜெராக்ஸ் பிரதியைக் கொடுத்தாள். எழுதியவர் வரலாற்றாய்வாளர் உமா சக்கரவர்த்தி. வேத காலத் தாசி, அதாவது அடிமைப் பெண், என்ன ஆனாள் என்று தலைப்பிலேயே கேட்டிருந்தார். திண்ணையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கியவள், விளக்கு வைக்கும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை.

கட்டுரை சொன்னது இதுதான்: இந்தியப் பெண்களின் நிலையைக் காட்டி ஆங்கிலேயர்கள் நம்மை இழிவாகப் பேசினார்கள். அதற்குப் பதில் சொல்லப் புறப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படிப்பாளிகள் ஒரு பொற்காலத்தைத் தேடிப் பிடித்தார்கள். இந்துப் பெண்களின் நிலை பற்றி 1938இல் வந்த வரலாற்றாசிரியர் அல்தேகரின் நூல் வரை அந்தச் சித்திரம் தொடர்ந்தது. வேள்வியில் கணவன் பக்கத்தில் அமர்ந்தவள், சபையில் வாதிட்டவள்; அவள்தான் 'வேத காலப் பெண்'. ஆனால் அதே ரிக் வேதத்தின் தானத் துதிகளில், அதாவது கொடை தந்தவர்களைப் புகழும் பாடல்களில், மாடு, குதிரை, தேர்களோடு பெண்களும் தானமாகக் கைமாறுகிறார்கள். ஒரு பாடலில் திரசதஸ்யு என்ற மன்னன் ஐம்பது பெண்களைக் கொடுக்கிறான். ஐம்பது பேர்! ஒருத்திக்கும் பெயர் இல்லை. அவர்களை எந்தப் பாடநூலும் பெண்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த இடத்தில் எனக்கு என் அப்பாயி நினைவு வந்துவிட்டது. மிராசுதார் வீட்டுக் கொல்லையில் நெல் குத்தியவள் அப்பாயி. முன்வாசல் வழியாக அவள் அந்த வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. கூலி நொய்யும் தவிடும். உலக்கை பிடித்த வலது உள்ளங்கை கடைசி வரை வழவழப்பாக, தோல் கெட்டித்துக் கிடந்தது. என் கன்னத்தைத் தடவினால் மரப்பட்டை படுவது போல இருக்கும். அவளுடைய பேத்தி நான், கார்கிக்குக் கோடு போட்ட பிள்ளைகளுக்கு மட்டும் முழு மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று இரவு அழுதேன்.

பிறகு உமாவின் எழுத்தைத் தேடித் தேடிப் படித்தேன். பாலக்காட்டு வேர் கொண்ட குடும்பம்; 1941இல் டெல்லியில் பிறந்தவர். 1966 முதல் 1998 வரை மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் வரலாறு கற்பித்தார். ஆரம்பகால பௌத்தத்தின் சமூகப் பின்னணிதான் அவருடைய முதல் பெரிய ஆய்வு. 1984இல் டெல்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டபோது, மனித உரிமை வழக்கறிஞர் நந்திதா ஹக்சரோடு சேர்ந்து, உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைத் தொகுத்து நூலாக்கினார். பழங்காலத்தை ஆராய்கிறவர் நிகழ்காலத்தின் ரத்தத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகவில்லை என்பதே அவர்மேல் எனக்கிருக்கும் மரியாதையின் அடிப்படை.

1993இல் அவர் எழுதிய கட்டுரைதான் பார்ப்பனிய ஆணாதிக்கம் என்ற கருத்தை ஆய்வுலகில் நிலைநிறுத்தியது. சாதி கலந்துவிடக் கூடாது, நிலமும் உரிமையும் கைவிட்டுப் போகக் கூடாது. அதற்காகவே பெண்ணின் உடலுக்குக் காவல் போடப்பட்டது என்பது அதன் சாரம். எங்கள் ஊரில் பெண் பிள்ளை பருவமடைந்ததும் நடக்கும் ஒவ்வொன்றையும் இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தெளிவாகத் தெரிந்தது. பண்டித ரமாபாயைப் பற்றிய அவர் நூலை அதற்கும் மேலாக நேசிக்கிறேன். சமஸ்கிருதப் புலமைக்காகக் கொண்டாடப்பட்ட ரமாபாய், சாதி மாறி மணந்தார். 1883இல் கிறிஸ்தவத்தைத் தழுவினார். விதவைகளுக்காக 1889இல் பம்பாயில் சாரதா சதனைத் திறந்தார். அப்படிப்பட்டவரை வரலாறு எப்படி ஓரத்துக்குத் தள்ளியது என்று உமா விடாமல் கேட்கிறார்.

எழுபதை நெருங்கும் வயதில் அவர் ஆவணப்படம் எடுக்கத் தொடங்கினார். முதல் படம் நம் சென்னையில் வாழ்ந்த சுப்புலட்சுமி என்ற பெண்ணைப் பற்றியது. பதினோரு வயதில் கல்யாணம், பதினான்கில் தாய். அந்தப் பெண் விட்டுச்சென்ற நாட்குறிப்புகளும் கடிதங்களும்தான் படத்தின் ஆதாரம். அவற்றை முதலில் எடுத்துப் படித்து எழுதியவர், சுப்புலட்சுமியின் பேத்தியும் கம்யூனிஸ்ட் தலைவருமான மைதிலி சிவராமன். 1968இல் வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி உலகறியச் செய்தவர் அவர். எங்கள் டெல்டாக்காரர்களுக்கு மைதிலியின் பெயர் வீட்டு மனுஷியின் பெயர் மாதிரி. நினைவு மங்கிய காலத்து மைதிலியைப் பற்றியும் உமா பின்னர் ஒரு படம் எடுத்தார்.

சுப்புலட்சுமி எழுத்தை விட்டுச்சென்றார். என் அப்பாயிக்கு எழுதத் தெரியாது. முதியோர் பென்ஷன் தாளில் வைத்த கைநாட்டு ஒன்றுதான் மிச்சம். அதிலும் ரேகை சரியாக விழவில்லை, உலக்கை தேய்த்த விரல் அல்லவா. அதனால் சென்ற மாதத்திலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் அத்தை வீட்டுக்குப் போகிறேன். அத்தைக்கு வயது எண்பத்திரண்டு. செல்போனில் பதிவு செய்துகொள்கிறேன்.

"எங்கம்மாவப் பத்தி எதுக்குக் கேக்குற? அவ என்ன பெரிய ராணியா?" என்று முதல் நாள் சிரித்தார். மூன்றாவது வாரம் தானாகவே சொன்னார்: கொல்லையில் உரல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் முருங்கை மரம் ஒன்று இருந்ததாம். மொத்தம் ஐந்து பெண்கள் அங்கே குத்துவார்களாம். ஐந்து பேரின் பெயரையும் அத்தை விரல் விட்டுச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.