ஒரு பாட்டில், ஆறு கிளாஸ்

கிராஃப்ட் பீர், அதாவது சிறு ஆலைகள் தங்கள் பாணியில் காய்ச்சும் பீர், குடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், எதில் தொடங்கலாம் என்று. நான் பதிலுக்குக் கேட்பது, யாரோடு குடிக்கப் போகிறீர்கள்? ஏனென்றால் எந்த பாட்டிலில் தொடங்கினாலும் தனியாக உட்கார்ந்து குடித்தால் 'நல்லா இருக்கு', 'நல்லா இல்லை' என்பதைத் தாண்டி நாக்கு நகராது. அதே பாட்டிலை ஆறு பேர் பிரித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினால், அதுவரை உங்கள் கிளாஸில் இருந்தும் உங்களுக்குத் தெரியாமல் இருந்த விஷயங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

330 மில்லி பாட்டிலை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 55 மில்லி. இது எந்த மூலைக்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். போதும். முகர்ந்து பார்க்கவும், மூன்று நான்கு முறை நிதானமாக வாயில் வைத்துப் பார்க்கவும் அது தாராளம். ஒரே அமர்வில் எட்டு வகை பீரை ருசித்தாலும் ஒருவர் குடிப்பது மொத்தம் 440 மில்லிதான். வேண்டாம் என்று தோன்றினால் மீதியைக் கொட்டிவிடலாம், அதற்கென்றே ஒரு பாத்திரம் மேசையில் இருக்கட்டும், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பக்கத்திலேயே தண்ணீர். வண்டி ஓட்டிப் போக வேண்டியவர் அன்று முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், இதில் மட்டும் நான் கறார்.

சரி, ஆறு பேர் சேர்ந்தால் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது? முதலில், ஆறு மூக்கு. எல்லோருடைய மூக்கும் ஒன்றல்ல. டைஅசிட்டைல் என்று ஒரு பொருள் இருக்கிறது, நொதித்தல் முழுதாக முடியாத பீரில் வெண்ணெய் வாசனையைக் கொண்டுவருவது. அது சிலருக்கு மிகக் கொஞ்சமாக இருந்தாலே தெரியும், சிலருக்கு எவ்வளவு இருந்தாலும் தெரியாது. எனக்கு மெதுவாகத்தான் தெரியும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் கிளாஸை முகத்தருகே கொண்டுபோகும்போதே சொல்லிவிடுவார். அவர் சொன்ன பிறகு மறுபடி முகர்ந்தால் எனக்கும் பிடிபடும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பிடிபடும். தனியாகக் குடித்துக்கொண்டே இருந்திருந்தால் இதைக் கற்றுக்கொண்டிருக்க மாட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜெர்மனியின் கோதுமை பீரான ஹெஃபவைசன் இதற்கு நல்ல பாடம். ஒருவர் வாழைப்பழம் என்பார், இன்னொருவர் கிராம்பு என்பார், கொஞ்ச நேரத்தில் வாக்குவாதமே வந்துவிடும். இரண்டும் சரி. வாழைப்பழத்தையும் போடவில்லை, கிராம்பையும் போடவில்லை, இரண்டு வாசனையும் அந்த ஈஸ்ட் நொதிக்கும்போது தானாக உண்டாக்குவது. வாழைப்பழ வாசனைக்கு ஐசோஅமைல் அசிட்டேட், கிராம்புக்கு 4-வினைல் குவையகால். நொதிக்கும் சூடு, ஈஸ்டின் அளவு இப்படிச் சில விஷயங்களைப் பொறுத்து ஒன்று தூக்கலாகவும் மற்றது அடங்கியும் வரும். இந்த பீரைப் பிரிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஈஸ்ட் அடியில் தங்கியிருப்பதால் அப்படியே வரிசையாக ஊற்றினால் முதல் ஆளுக்குத் தெளிந்த பீரும் கடைசி ஆளுக்கு மண்டியும் கிடைக்கும், அப்புறம் இருவரும் இரண்டு வேறு பீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். எல்லா கிளாஸிலும் பாதியளவு ஊற்றிவிட்டு, பாட்டிலை மெல்லச் சுழற்றி, மீதியைச் சமமாக ஊற்ற வேண்டும்.

புதியவர்கள் வரும் நாளில் நான் தவறாமல் செய்து காட்டுவது வெயில் சோதனை. ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) நன்றாகத் தெரியும் ஒரு வெளிர் பீரை இரண்டு கண்ணாடி கிளாஸில் ஊற்றி, ஒன்றை நிழலில் மூடி வைத்துவிட்டு மற்றதை நேர் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். பிறகு இரண்டையும் அடுத்தடுத்து முகரச் சொல்லுவேன். நிழலில் இருந்தது புல்லும் பூவுமாக இருக்கும். வெயிலில் இருந்ததை முகர்ந்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள், ரப்பர் எரிந்தது போன்ற நாற்றம் மூக்கில் குத்தும். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு உடைந்து, பீரில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து உண்டாகும் ஒரு சேர்மம் அது. துளியிலும் துளி இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்பு பாட்டில் இந்த வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும், பச்சை பாட்டில் அந்த அளவுக்குத் தடுக்காது, கேனுக்குள் வெளிச்சமே போகாது. இதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் பலர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒரு முறை முகர்ந்தவர்கள் மட்டும் அப்புறம் ஜன்னலோரம் அடுக்கி வைத்த பாட்டிலைத் தொடுவதில்லை.

எனக்கு மிகப் பிடித்த அமர்வு எது என்றால், ஓர்வால் பாட்டில் இரண்டை வைத்து நடத்துவது. பெல்ஜியத்தில் துறவிகளின் மடத்துக்குள் தயாராகும் பீர், வாயில் மோதிரம் கவ்விய மீன்தான் அதன் சின்னம். பாட்டிலில் அடைக்கும்போது ப்ரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டைச் சேர்க்கிறார்கள், அது பாட்டிலுக்குள்ளேயே மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கும். அடைத்த தேதி லேபிளிலேயே இருப்பதால் புதியது ஒன்று, ஒன்றிரண்டு வருடம் பழையது ஒன்று என்று தேடி வாங்க முடிகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினால் நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆரஞ்சு கலந்த செம்பு நிறம், மேலே அடங்காத நுரை. புதியதில் ஹாப்ஸ் முன்னால் நிற்கும், மூலிகைக் கசப்பு, லேசான ஆரஞ்சுத் தோல். பழையதில் ஹாப்ஸ் பின்னால் போய், தோலும் வைக்கோலுமாக ஒரு வாசனை மேலே வந்திருக்கும், இனிப்பு என்று சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது, நாக்கு வறண்டு போகும். ஒரே பீர்தான் இது என்று சொன்னால் நம்ப மறுத்துப் பாட்டிலை வாங்கிப் பார்த்தவர்கள் உண்டு. எது சிறந்தது என்று கைதூக்கச் சொன்னால் எங்கள் கூட்டம் எப்போதும் இரண்டாகப் பிரியும். நான் பழையதன் கட்சி.

ஆனால் எல்லா பீரும் பழசானால் நன்றாகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலானவை ஆகாது. ஹாப்ஸை நம்பி நிற்கும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வகைகள் அடைத்த நாளிலிருந்தே இறங்கத் தொடங்கிவிடும், முதலில் பழ வாசனை மங்கும், பிறகு நனைந்த அட்டைப்பெட்டி வாசனை எட்டிப் பார்க்கும். கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் என்ற பீர் ஆலை தயாரிக்கும் ப்ளைனி தி எல்டர் என்ற புகழ்பெற்ற டபுள் ஐபிஏ பாட்டிலின் லேபிளிலேயே, இதைப் பாதுகாத்து வைக்காதே, புதிதாகவே குடி என்று திரும்பத் திரும்ப அச்சிட்டிருப்பார்கள். நல்ல ஐபிஏ கைக்கு வந்தும் 'விசேஷ நாளுக்கு' என்று எடுத்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனம் வருத்தப்படுகிறது. அந்த வாரமே நான்கு பேரைக் கூப்பிடுங்கள். அதுதான் விசேஷ நாள்.

பகிர்ந்துகொள்வதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், இந்த கிராஃப்ட் பீர்கள் பிறந்ததே அப்படித்தான். 1965-இல் ஃப்ரிட்ஸ் மேடாக் மூடப்போகும் நிலையில் இருந்த சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரியில் (பீர் ஆலை) பங்கு வாங்கி அதைக் காப்பாற்றினார். கடற்படையில் இருந்தபோது ஸ்காட்லாந்தில் குடித்த ஏல் (சற்றுச் சூடான இடத்தில் நொதிக்கும் பீர்) வகைகளை மறக்க முடியாமல் ஜாக் மெக்காலிஃப் 1976-இல் சொனோமாவில் நியூ ஆல்பியனைத் தொடங்கினார், பழைய பால்பண்ணைச் சாமான்களை வைத்து. அது சில வருடங்களிலேயே மூடிவிட்டது. ஆனால் அதை நேரில் போய்ப் பார்த்தவர்களில் ஒருவர் கென் கிராஸ்மன், வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்குச் சாமான் விற்கும் கடை நடத்திக்கொண்டிருந்தவர். அவர் 1980-இல் சியரா நெவாடாவைத் தொடங்கி, காஸ்கேட் ஹாப்ஸின் பம்பளிமாஸ் வாசனையை முன்னால் நிறுத்தி ஒரு பேல் ஏல் செய்தார், அந்த ருசியைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறையே காய்ச்சக் கற்றது. இடையில் 1978-இல் அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதிக்கும் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார், அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. ஒளித்துக் காய்ச்சியவர்கள் வெளிப்படையாகக் கூடி ஒருவர் பீரை இன்னொருவர் ருசி பார்க்க முடிந்தது.

இதில் எனக்கு மிகப் பிடித்த கதை வேறு. ரஷ்யன் ரிவருக்கும் ஏவரி ப்ரூவரிக்கும் 'சால்வேஷன்' என்று ஒரே பெயரில் ஆளுக்கொரு பீர் இருந்தது. இரண்டும் பெல்ஜிய பாணி. வேறு தொழிலாக இருந்தால் வக்கீல் நோட்டீஸ் பறந்திருக்கும். இவர்கள் இரண்டு பீரையும் கலந்து புதிதாக ஒன்று செய்து, வழக்கு வேண்டாம் கூட்டு போதும் என்ற பொருளில் பெயர் வைத்து 2006-இல் வெளியிட்டார்கள். அப்புறம் 2018-இல் கலிஃபோர்னியாவின் காட்டுத்தீ பாரடைஸ் ஊரையே அழித்தபோது, சியரா நெவாடா 'ரெசிலியன்ஸ்' என்ற ஐபிஏவின் செய்முறையை எல்லோருக்கும் திறந்துவிட, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ப்ரூவரிகள் அதே பீரைக் காய்ச்சி நிவாரணத்துக்குக் கொடுத்தன. செய்முறையை ரகசியமாகப் பூட்டி வைக்கும் தொழிலில் இப்படி நடக்காது.

வீட்டில் காய்ச்சுகிறவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை. நாம் 'ஏதோ பச்சை ஆப்பிள் மாதிரி அடிக்குதே' என்று தடுமாறும்போது, 'ஈஸ்ட் வேலையை முடிக்கிறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு எடுத்துட்டாங்க' என்று காரணத்தோடு சொல்வார். வேகவைத்த சோள வாசனையா, கொதிக்க வைத்தது போதவில்லையா என்று கேட்பார். அவர் தன் சொந்த பீரைக் கொண்டுவரும்போது நாமும் அதே அக்கறையோடு பேச வேண்டும். முகத்துக்காக 'சூப்பர்' என்பதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. எந்த வாசனை, எந்த இடத்தில், எவ்வளவு என்று சொன்னால் அடுத்த தடவை காய்ச்சும்போது அவர் கையில் அது இருக்கும்.

ஊற்றும் வரிசை பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெல்லியதிலிருந்து கனத்துக்குப் போக வேண்டும், லாகரும் கோதுமை பீரும் முதலில், ஐபிஏ நடுவில், பீப்பாயில் ஊறிய இம்பீரியல் ஸ்டவுட் என்ற கறுத்த, காட்டமான பீர் கடைசியில். ஸ்டவுட்டை ஆரம்பத்திலேயே குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். சில்லென்று இருந்தால் கசப்பும் சாராய நெடியும் மட்டும்தான் தெரியும், 12 டிகிரி வாக்கில் வரும்போது காபி, சாக்லேட், உலர்ந்த திராட்சை என்று ஒவ்வொன்றாகத் திறக்கும். ஜெர்மனியின் பாம்பெர்க் ஊரின் ஷ்லெங்கெர்லா மாதிரி, பீச் (beech) என்ற காட்டு மரத்தின் புகையில் உலர்த்திய மால்ட்டில் (முளைகட்டிய பார்லி) செய்த பீர் இருந்தால் அதற்கு அடுத்து வருவது எதுவும் ருசிக்காது, அதனால் அதையும் பின்னால் தள்ளுங்கள். அதை முதல் வாயிலேயே ஒதுக்கிவிடுவார்கள், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மூன்றாவது வாயில் புகை பின்வாங்கி உள்ளே இருக்கும் மால்ட் தெரியும்.

பெரிய 750 மில்லி பாட்டிலில் தக்கை போட்டு வரும் குவஸ், தனி ஆளுக்கென்று செய்ததே இல்லை என்பது என் கட்சி. ப்ரஸ்ஸல்ஸிலும் அதைச் சுற்றியும், குளிர்மாதங்களில் காய்ச்சிய சாற்றை அகலமான திறந்த தொட்டியில் இரவு முழுக்க ஆறவிட்டு, காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் தானாக வந்து நொதிக்கவைக்கும் பீர் லாம்பிக். மரப்பீப்பாய்களில் ஒன்று, இரண்டு, மூன்று வருடம் இருந்த லாம்பிக்குகளைக் கலந்தால் குவஸ். இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரைதான் பாட்டிலுக்குள் நுரையைக் கொடுக்கிறது, முதிர்ந்தது ஆழத்தைக் கொடுக்கிறது. முதல் முறை குடிப்பவருக்குப் புளிப்பு கண்ணைச் சுருக்கும். முகம் சுளிப்பவரை 'உனக்கு இன்னும் பக்குவம் வரலை' என்று சொல்பவர்களோடு நான் அமர விரும்புவதில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான், ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் அதிலிருந்தே நல்ல பேச்சு கிளம்பும்.

அரிய பாட்டிலைத் தேடி அலைவதே பொழுதாகிவிட்ட நண்பர்களுக்கு நான் ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். லேபிளை மறைத்து ஊற்றுங்கள், பையில் சுற்றி நம்பர் மட்டும் எழுதி. கேள்விப்பட்ட பெயர், லேபிளில் போட்ட ஆல்கஹால் சதவீதம், யாரோ கொடுத்த மதிப்பெண் எல்லாம் கண்ணுக்குத் தெரியாதபோது, மேசையில் இருப்பவர்கள் கிளாஸில் இருப்பதைப் பற்றி மட்டும்தான் பேச முடியும். அதற்கு என் முதல் தேர்வு பில்ஸ்னர். 1842-இல் இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரில் ஜோசப் க்ரோல் வெளிர் மால்ட், சாட்ஸ் ஹாப்ஸ், அந்த ஊரின் மென்மையான தண்ணீர் இவற்றை வைத்துச் செய்தது. தப்பு நடந்தால் மறைக்க அதில் பழமும் இல்லை, பீப்பாயும் இல்லை, சாக்லேட்டும் இல்லை. அடுத்த கூடலுக்கு மூன்று பில்ஸ்னர் எடுத்து வைத்திருக்கிறேன், அதில் இரண்டு ஒரே பீர், அடைத்த தேதி மட்டும் வேறு. வருகிறவர்களிடம் இதை நான் சொல்லப் போவதில்லை.